கோல்கீப்பர் ஸ்கேட்டுக்கு எந்தச் சாணை? ஒரு ஜோடி பிளேடுகளின் வேலைப் பதிவு

ஐஸ் ஹாக்கி ஆடும் கோல்கீப்பர் ஒருவர் தம் ஸ்கேட்டுகளை என் வேலை மேசையில் வைத்து, "அண்ணா, முழங்காலில் இருந்தபடி இடப்பக்கம் தள்ளினால் வலது கால் பிடிக்காமல் வழுக்குகிறது, இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சாணை பிடித்துக் கொடுங்கள்" என்றார். கேட்டபடியே ஆழத்தைக் கூட்டிக் கொடுப்பது எளிது. ஆனால் வழுக்குவது ஒரு கால் மட்டும் என்பதால், குறை குழிவின் அளவில் மட்டும் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஆகவே கல்லைத் தொடுவதற்கு முன் அளக்க வேண்டியதை அளப்பது, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதைப் பனியில் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

ஸ்கேட் பிளேடின் அடிப்பக்கம் கத்தியைப் போல ஒற்றைக் கூராக இருப்பதில்லை. சாணைக்கல்லின் ஓரத்தை வைரமுனையால் வட்ட வளைவாகச் சீர்செய்து, அந்த வளைவைப் பிளேடின் நீளவாக்கில் ஓட்டும்போது, அடிப்பக்கத்தின் நடுவே ஆழமில்லாத ஒரு வாய்க்கால் விழுகிறது. அதன் இரு கரைகள்தான் உள்விளிம்பும் வெளிவிளிம்பும். அந்த வளைவு எந்த வட்டத்தின் துண்டோ, அந்த வட்டத்தின் ஆரத்தையே குழிவின் அளவாகச் சொல்கிறார்கள். ஆரம் சிறிதானால் குழிவு ஆழமாகி விளிம்பு பனியை இறுகப் பிடிக்கும். ஆரம் பெரிதானால் குழிவு மேலோட்டமாகிச் சறுக்கல் கூடும். 3/8 அங்குலம் 1/2 அங்குலத்தைவிடச் சிறிய எண், ஆனால் கூடுதல் பிடிப்பு. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆகையால் நான் யாரிடம் பேசினாலும் எண்ணோடு சேர்த்து "ஆழம்", "மேலோட்டம்" என்ற சொற்களையும் சொல்லிவிடுவேன்.

களத்தில் ஓடும் ஆட்டக்காரர்களில் பலருக்கு 1/2 அங்குலமும் 5/8 அங்குலமும் பொருந்திவிடுகின்றன. கோல்கீப்பருக்கு அப்படி ஒரு பொது அளவு இல்லை. அதற்குக் காரணம் ஆட்டமுறையின் வரலாற்றிலேயே இருக்கிறது. நின்றபடியே பக் எனும் ரப்பர் வட்டைத் தடுத்த காலத்தில், கோல்கீப்பருக்கு வேண்டியதெல்லாம் கிரீஸின் (கோலுக்கு முன்னால் கோடிட்டு ஒதுக்கிய பகுதி) ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தடையில்லாமல் நகர்வது. 1 அங்குலம் போன்ற மேலோட்டமான குழிவு அதற்குப் போதும், விளிம்பு சற்று மழுங்கியிருந்தாலும் குற்றமில்லை. 1950-களில் கிளென் ஹால் என்ற கோல்கீப்பர் முழங்கால்களைப் பனியில் ஊன்றிக் கால்களை இருபுறமும் விரிக்கும் பட்டர்ஃபிளை முறையைக் கையாளத் தொடங்கினார். 1986-இல் மான்ட்ரியால் அணியோடு ஸ்டான்லி கோப்பையை வென்ற பாட்ரிக் ருவா காலத்தில் அது பரவலான முறையாயிற்று. இன்றைய கோல்கீப்பர் ஆட்டத்தின் பெரும்பகுதியை முழங்காலில் கழிக்கிறார், முழங்காலில் இருந்தபடியே தள்ளி நகர்கிறார். அந்தத் தள்ளலுக்குப் பிடிப்பு வேண்டும். ஆனால் அவர் எழுந்து நின்று சிறு சிறு அடியாகப் பக்கவாட்டில் நகரும் ஷஃபிளுக்கோ பிளேடு பனியின் குறுக்கே எளிதாக இழுபட வேண்டும். ஒரே பிளேடிடம் எதிரெதிரான இரண்டையும் கேட்பதே கோல்கீப்பர் சாணையின் சிக்கல்.

முழங்காலில் இருந்து தள்ளும் அசைவைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வழுக்கலின் இடம் தெரியும். இடப்பக்கம் நகர வேண்டுமானால் கோல்கீப்பர் வலது முழங்காலைத் தூக்கி, வலது பிளேடின் உள்விளிம்பைப் பனியில் ஊன்றி, அதை உதைத்துத் தள்ளுகிறார். அப்போது கால் உடலைவிட்டு வெகுதூரம் விலகியிருப்பதால் பிளேடு நிமிர்ந்து நிற்பதில்லை. நன்றாகச் சாய்ந்து, அந்த ஒரு விளிம்பின் சிறு பகுதி மட்டுமே பனியைக் கடிக்கிறது. வெளிவிளிம்புக்கு அந்த நொடியில் வேலையே இல்லை. ஆகவே இடப்பக்க நகர்வு முழுவதும் வலது உள்விளிம்பையும், வலப்பக்க நகர்வு முழுவதும் இடது உள்விளிம்பையும் நம்பியிருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்கினேன். முதலில் பிளேடைத் தாங்கும் பிடிப்பானில் ஆட்டம் இருக்கிறதா, திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன. ஸ்கேட்டைக் கவிழ்த்து, பின்முனையிலிருந்து முன்முனைக்கு ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது பிளேடில் வளைவு ஏதும் தெரியவில்லை. விரல் நகத்தை விளிம்பின் மேல் மெதுவாக ஓட்டியபோது, இரு பிளேடுகளிலும் பெருவிரல் பக்கத்து முன்பகுதியில் நகம் தடுக்கியது. கோல் கம்பத்தோடு ஒட்டிக் காலை ஊன்றும்போதெல்லாம் கோல்கீப்பரின் பிளேடு இரும்புக் கம்பத்தில் இடிபடும். அந்த இடியில் விழுந்த சிறு பள்ளங்கள் அவை. தள்ளும் இடத்தில் இல்லாததால் வழுக்கலுக்கு அவை காரணமல்ல, ஆனாலும் சாணையில் எடுத்துவிட வேண்டியவை.

அடுத்தது மட்டம். இரு விளிம்புகளின் மேலும் குறுக்காக 100 மி.மீ. நீளமுள்ள ஒரு நேர்க்கம்பியை வைத்து, பிளேடின் பக்கவாட்டில் சிறு மூலைமட்டத்தைச் சேர்த்துப் பிடித்து, கம்பி செங்கோணத்தில் நிற்கிறதா என்று முன்பகுதி, நடு, பின்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் பார்த்தேன். வலது ஸ்கேட்டில் கம்பி மூன்று இடத்திலும் உள்விளிம்பின் பக்கம் இறங்கியிருந்தது. கம்பியின் நுனியில் அந்த இறக்கம் ஏறத்தாழ ஒன்றேகால் மி.மீ. பிளேடின் அகலம் 4 மி.மீ. என்பதால், விளிம்புகளுக்கு இடையிலான உயர வேறுபாடு சுமார் 0.05 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் குழிவின் மொத்த ஆழமே ஒரு மி.மீ.-இல் எட்டில் ஒரு பங்கு என்னும்போது அது சிறிதல்ல. இடது ஸ்கேட்டிலும் ஏறக்குறைய அதே அளவு கோணல் இருந்தது. அங்கே தாழ்ந்திருந்தது வெளிவிளிம்பு.

இரண்டு கோணலும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது அதிலிருந்தே விளங்கியது. இரு ஸ்கேட்டுகளையும் முன்முனை ஒரே திசையைப் பார்க்கும்படி இயந்திரத்தில் பொருத்துவதால், ஒன்றின் உள்விளிம்பு நிற்கும் பக்கத்தில் மற்றொன்றின் வெளிவிளிம்பு நிற்கும். கல் நடுவிலிருந்து ஒரு பக்கம் விலகியிருந்தால் ஒரு காலில் உள்விளிம்பும் மறு காலில் வெளிவிளிம்பும் தாழும். கணக்குப் போட்டால், இந்த ஸ்கேட்டுகளில் இருந்த 5/8 அங்குலக் குழிவில் கல் 0.2 மி.மீ. விலகினாலே விளிம்புகளில் 0.05 மி.மீ. வேறுபாடு வந்துவிடுகிறது. கோல்கீப்பர் பிளேடுகளில் இந்தக் குறை அடிக்கடி தென்படுவதற்குத் தடிமனும் ஒரு காரணம். ஆட்டக்காரர் பிளேடு ஏறத்தாழ 3 மி.மீ.; வழக்கமான கோல்கீப்பர் பிளேடு 4 மி.மீ. ஒரு தாடை அசையாமல் நிற்கும் பிடிகருவியில், 3 மி.மீ.-க்கு நடு பார்த்து வைத்த இயந்திரத்தில் 4 மி.மீ. பிளேடை அப்படியே பொருத்தினால் நடுக்கோடு அரை மி.மீ. நகர்ந்துவிடும். சாணை பிடிப்பவர் ஒவ்வொரு தடவையும் நடுவை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலது உள்விளிம்பு தாழ்ந்திருந்ததோடு மழுங்கலாகவும் இருந்தது. குழிவின் அடிப்புள்ளி அதன் பக்கம் நகர்ந்துவிட்டதால், விளிம்பை நெருங்கும் இடத்தில் குழிவின் சாய்வு 7.2 டிகிரியாக இருக்க வேண்டியது 6.5 டிகிரியாகக் குறைந்திருந்தது. மறு விளிம்பில் அது 8 டிகிரிக்கு ஏறியிருந்தது. இடது காலில் பாதிக்கப்பட்டது வெளிவிளிம்பு என்பதால் அவர் அதை உணரவே இல்லை. வலது கால் மட்டும் வழுக்கியதற்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது.

இந்தச் சாய்வைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் குழிவு எண்ணைவிட இதுவே பனியைக் கடிப்பதைத் தீர்மானிக்கிறது. சாய்வு ஆரத்தை மட்டும் பொறுத்ததல்ல, பிளேடின் தடிமனையும் பொறுத்தது: தடிமனில் பாதியை ஆரத்தால் வகுத்து வரும் எண்ணிலிருந்து அது கிடைக்கிறது. 4 மி.மீ. பிளேடில் 1 அங்குலக் குழிவுக்குச் சாய்வு 4.5 டிகிரி, 3/4 அங்குலத்துக்கு 6, 5/8-க்கு 7.2, 1/2-க்கு 9.1, 3/8-க்கு 12.1 டிகிரி. 3/4-க்குப் பிறகு எண்கள் ஒரே சீராக எட்டில் ஒரு பங்கு அங்குலமாகக் குறைந்தாலும் சாய்வு சீராகக் கூடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 3/4-லிருந்து 5/8-க்கு இறங்கினால் கூடுவது ஒரு டிகிரிக்குச் சற்று மேல், 1/2-லிருந்து 3/8-க்கு இறங்கினால் கூடுவது 3 டிகிரி. "ஒரு படிதானே" என்று நினைத்து 3/8-க்குப் போகிறவர்கள் உண்மையில் இரண்டரைப் படி தாண்டுகிறார்கள். அதுபோலவே 3 மி.மீ. பிளேடில் 3/8 அங்குலம் தரும் சாய்வும் 4 மி.மீ. பிளேடில் 1/2 அங்குலம் தரும் சாய்வும் மிகச் சரியாக ஒன்றே. சக கோல்கீப்பர் ஒருவர் 3/8 வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அதையே கேட்பவர், முதலில் அவருடைய பிளேடின் தடிமனையும் கேட்டறிவது நல்லது.

வேலைக்கு வருகிறேன். முதற்கட்டத்தில் குழிவை 5/8 அங்குலத்திலேயே வைத்துக்கொண்டு மட்டத்தை மட்டும் திருத்தினேன். வைரமுனையின் ஆரத்தை அமைத்துக் கல்லைச் சீர்செய்த பிறகு, குழிவு முழுவதும் மார்க்கர் மையைப் பூசி, கல்லை மிக மெல்லத் தொடவிட்டு ஒரு முறை ஓட்டினேன். மை எங்கே அழிகிறது என்பதே பழைய குழிவு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும்: வலது பிளேடில் வெளிவிளிம்பின் பக்கம் மட்டும் மை அழிந்து, உள்விளிம்பின் பக்கம் கறுப்பாகவே நின்றது. இயந்திரத்தின் உயரத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, பழைய குழிவின் நடுவில் அல்லாமல் பிளேடு தடிமனின் சரிநடுவில் கல் நிற்கும்படி வைத்த பிறகே முழு ஓட்டங்களைத் தொடங்கினேன். அழுத்திப் பிடித்தால் எஃகு சூடேறி விளிம்பு நிறம் மாறும். அப்படி நிறம் மாறிய விளிம்பு நெடுநாள் நிற்காது. ஆகவே கையின் எடை மட்டுமே படும்படி, ஒரே வேகத்தில், முனைகளில் நிற்காமல் ஓட்ட வேண்டும். பள்ளங்கள் மறைந்ததும் கடைசி ஓட்டத்துக்குக் கல்லை மறுபடி ஒரு முறை சீர்செய்துகொண்டேன். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பொறி கண்ணுக்குக் கேடு, எஃகுத் தூசு நெஞ்சுக்குக் கேடு.

கல்லிலிருந்து எடுத்த பிளேடின் இரு பக்கத்திலும் மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டுப் பரப்போடு தட்டையாகச் சேர்த்துப் பிடித்த தீட்டுக்கல்லால் அதை நீக்கி, தோலால் ஒரு முறை துடைத்தேன். தீட்டுக்கல்லைச் சாய்த்துப் பிடித்தால் பிசிறோடு விளிம்பும் போய்விடும். அதன் பின் கம்பியை வைத்துப் பார்த்தபோது மூன்று இடத்திலும் செங்கோணம் நின்றது.

பனியில் சோதிக்க ஒரு வரிசையை வகுத்துக்கொண்டோம். முதலில் ஷஃபிள், அடுத்து ஒரு காலைத் திசை திருப்பி மறு காலால் தள்ளும் டி-புஷ், அதற்கடுத்து நின்ற நிலையிலிருந்து முழங்காலில் இறங்கிப் பக்கவாட்டில் சறுக்கும் பட்டர்ஃபிளை ஸ்லைடு, பிறகு முழங்காலில் இருந்தே தள்ளுவது, கடைசியாகக் கம்பத்தோடு ஒட்டிய நிலையிலிருந்து வெளியே தள்ளுவது. ஒவ்வொன்றையும் இரு பக்கமும் செய்ய வேண்டும். மேலும், புதிதாக நீர்விட்டு வழுவழுப்பாக்கிய பனியில் ஒரு முறையும், கிரீஸ் தேய்ந்து பொடி சேர்ந்த பிறகு ஒரு முறையும் செய்ய வேண்டும். புதுப் பனி வழுக்கும் என்பதால்தான் கோல்கீப்பர்கள் ஆட்டம் தொடங்கும் முன் கிரீஸை ஸ்கேட்டால் சுரண்டிச் சொரசொரப்பாக்கிக்கொள்கிறார்கள். மட்டம் திருத்திய 5/8-இல் வலதுக்கும் இடதுக்கும் இருந்த வேறுபாடு போய்விட்டது. டி-புஷ் இரு பக்கமும் உறுதியாக நின்றது. ஆனால் முழங்காலிலிருந்து முழு பலத்தோடு தள்ளும்போது, புதுப் பனியில் இரு கால்களும் கடைசித் தருணத்தில் சற்றே நழுவின. இப்போது இரண்டும் ஒரே மாதிரி நழுவியதால், இனி ஆழத்தைப் பற்றிப் பேசலாம் என்ற நிலை வந்தது.

குழிவைச் சோதிக்கும்போது மேலோட்டத்திலிருந்து ஆழத்துக்குப் போவதே சரியான திசை என்பது என் கருத்து; அதற்குக் காரணம் எஃகு. 5/8-லிருந்து 1/2-க்குப் போகும்போது சிறிய ஆரமுள்ள கல் முதலில் குழிவின் நடுவைத் தொடுகிறது. நடுவில் 0.03 மி.மீ. அளவுக்கு எடுத்ததும் வளைவு விளிம்பை எட்டிவிடும். பிளேடின் உயரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். எதிர்த் திசையில், 3/8-லிருந்து 1/2-க்குத் திரும்ப வேண்டுமானால் பெரிய ஆரமுள்ள கல் முதலில் தொடுவது விளிம்புகளை. நடுவை எட்டும்வரை விளிம்புகளைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும், அந்த அளவு 0.05 மி.மீ.-க்கு மேல் பிளேடின் உயரத்திலிருந்து கழிகிறது. ஆழமாகத் தொடங்கிப் பின்வாங்கும் ஒவ்வொரு தடவையும் பிளேடின் ஆயுளில் ஒரு பங்கு போகிறது.

1/2 அங்குலத்தில் முழங்கால் தள்ளல் புதுப் பனியிலும் நின்றது. உதைத்த காலுக்குப் பின்னால் பனியில் விழுந்த தடத்தைக் குனிந்து பார்த்தோம்: முன்பு அகலமாகச் சுரண்டியது போல இருந்த தடம் இப்போது குறுகலாக, ஒரே கோடாக, ஆழமாக இருந்தது. விளிம்பு ஊன்றிய இடத்திலேயே நின்றது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஷஃபிளில் முதலில் சற்று இழுவை தெரிந்தது. நகரும் காலின் மீதிருக்கும் எடையை முழுவதுமாக எடுத்த பிறகு நகர்த்தினால் அது தெரியவில்லை என்று அவரே கண்டுகொண்டார்.

அவருக்கு 3/8-ஐயும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் இருந்தது. நல்வாய்ப்பாக அவரிடம் அதே வகையில் கழற்றி மாட்டக்கூடிய மாற்றுப் பிளேடு ஒரு ஜோடி இருந்ததால், முதல் ஜோடியைத் தொடாமல் அதை 3/8-க்குப் பிடித்துக் கொடுத்தேன். பிடிப்பு மிகக் கூடியது, ஐயமில்லை. ஆனால் ஷஃபிளில் பிளேடு குறுக்கே இழுபடாமல் பனியை உழுது ஒவ்வோர் அடியிலும் பொடியைக் குவித்தது. டி-புஷ்ஷை நிறுத்தும்போது பிளேடு தடதடவென்று அதிர்ந்தது. கால் நிற்க, இடுப்பு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தால் அந்த விசை முழங்காலுக்கும் தொடை இடுக்குக்கும் போகும். கோல்கீப்பர்களின் இடுப்பும் தொடை இடுக்கும் இயல்பாகவே மிகுந்த சுமை தாங்குபவை. தேவைக்கு மேற்பட்ட பிடிப்பை அவற்றின் மேல் ஏற்றுவதற்கு நான் உடன்படுவதில்லை. அவரும் பயிற்சி முடிவதற்கு முன்பே 1/2-க்கு மாற்றிக்கொண்டார்.

இந்த வேலை முழுவதிலும் பிளேடின் நீளவாக்கு வளைவை நான் தொடவில்லை. ஆட்டக்காரர் பிளேடின் வளைவு பெரும்பாலும் 9 முதல் 13 அடி ஆரம். கோல்கீப்பர் பிளேடு 28 அல்லது 30 அடி ஆரத்தில் ஏறக்குறைய தட்டையாக இருக்கும், நிலையாக நிற்பதற்கும் நீளமான விளிம்பால் தள்ளுவதற்கும் அதுவே வேண்டும். முன்முனையிலும் பின்முனையிலும் கல்லை ஒரு நொடி கூடுதலாக நிறுத்தும் பழக்கம் இருந்தால், சாணைக்குச் சாணை அந்தத் தட்டைப் பகுதி சுருங்கி, ஒருநாள் குழிவு சரியாக இருந்தும் கால் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். உயரமும் அப்படித்தான். கால் நன்றாக விரிந்து பிளேடு சாயும்போது, விளிம்பு பனியைத் தொடுவதற்கு முன்னரே பிடிப்பான் தொட்டுவிட்டால் எந்தக் குழிவும் பிடிக்காது. எஃகு தேயத் தேய அந்தச் சாய்வுக்கான இடம் குறைந்துகொண்டே வரும். நன்றாக இருந்த சாணை திடீரென்று வழுக்குகிறது என்று ஒருவர் வந்தால், குழிவை மாற்றுவதற்கு முன் பிளேடின் உயரத்தைப் புதிய பிளேடோடு வைத்துப் பார்ப்பேன்.

மற்றவர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், 4 மி.மீ. பிளேடில் நடுத்தர எடையுள்ளவருக்கு 5/8 என்பேன். அதே விளிம்பு 3 மி.மீ. பிளேடில் வேண்டுமானால் 1/2-ஐவிடச் சற்று ஆழமாக. எடை குறைந்தவரும் சிறுவர்களும் விளிம்பை அழுத்தும் பலம் குறைவு என்பதால் ஒரு படி ஆழமாகப் போகலாம், எடை கூடியவர் ஒரு படி மேலோட்டமாக. ஹாக்கிக்கான பனி மேற்பரப்பில் ஏறத்தாழ மைனஸ் 5 டிகிரி செல்சியஸில் வைக்கப்படுகிறது. அதைவிடக் குளிர்ந்து கெட்டிப்பட்ட பனியில் விளிம்பு எளிதாக நுழையாது, இளகிய பனியில் வேண்டியதற்கு மேல் நுழையும். இரண்டு வகைப் பனியிலும் மாறி மாறி ஆடுகிறவருக்கு, மாற்றுப் பிளேடு வைத்திருந்தால் ஒன்றை ஒரு படி மேலோட்டமாகப் பிடித்து வைத்துக்கொள்வதே நல்ல வழி.

அவருக்கு ஒரு சிறு தீட்டுக்கல்லைக் கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் பிளேடைத் துடைத்து உலர்த்தி, கம்பத்தில் இடிபட்ட இடங்களில் எழும் பிசிறைப் பக்கவாட்டில் மட்டும் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். ஈரத்தோடு உறையில் வைத்த பிளேடின் விளிம்பில் முதலில் துரு ஏறுவது கூர்மையான அந்த நுனியில்தான். பிளேடின் அட்டையில் தடிமன் 4 மி.மீ., குழிவு 1/2 அங்குலம், வளைவு தொடப்படவில்லை, இன்றைய உயரம் இவ்வளவு என்று நான்கு வரிகள் எழுதி ஸ்கேட் பைக்குள் வைத்தேன். அடுத்த முறை வேறு யார் சாணை பிடித்தாலும், நடுவை 4 மி.மீ.-க்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளும்படி அதன் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.